டிரெய்லர் எலக்ட்ரிக் பிரேக்: வோல்ட்ட பாத்து ஏமாறாதீங்க, ஆம்பியர பாருங்க

போன ஆடியில மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் காலையில குமுளில இருந்து போன். கட்டப்பனை பக்கத்து சேட்டா ஒருத்தர், பொலிரோ பின்னாடி ஒரு டீக்கடை டிரெய்லர மாட்டிக்கிட்டு கம்பம் திருவிழாவுக்கு வர்றாரு, இனிமே மலை இறங்கணும், டிரெய்லர் பிரேக் சுத்தமா பிடிக்கல. "அண்ணே, பிளக்குல பன்னெண்டு வோல்ட் கரெக்டா காட்டுது, பின்ன எந்தா பிரேக் இல்லாத்தது"ன்னு பாதி மலையாளம் பாதி தமிழ்ல கேக்குறாரு. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், டயருக்கு கல்லு போட்டு அங்கயே நில்லுங்க, ஒரு வளைவு கூட இறங்காதீங்க, நான் வர்றேன்னு. கம்பத்துல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ஏழு வருசம் சார்ஜாவுல ஒரு கேரேஜ்ல இருந்தேன், அங்க பாலைவனத்துக்கு இழுத்துட்டு போற அமெரிக்க கேரவன், போட் டிரெய்லர் எல்லாம் இந்த எலக்ட்ரிக் பிரேக்தான், அதனால இந்த சமாச்சாரம் வந்தா இந்தப் பக்கம் என்னத்தான் கூப்பிடுவாங்க.

மேல போயி பாத்தா மீட்டர்ல 12.4 காட்டத்தான் செய்யுது, அவரு பொய் சொல்லல. நான் பையில எப்பவும் ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு வச்சிருப்பேன், ரெண்டு ஒயர் பத்தவச்சு முனையில கிளிப்பு போட்டது. டிரெய்லர் பக்கத்து பிரேக் ஒயருக்கும் சேஸிஸுக்கும் நடுவுல அத மாட்டிட்டு, சேட்டாவ உள்ள உக்காந்து கண்ட்ரோலர் லீவர, அதாவது டிரெய்லர் பிரேக்குக்கு கரண்ட் அனுப்புற டப்பாவோட லீவர, முழுசா தள்ளச் சொன்னேன். பல்பு பீடி நெருப்பு மாதிரி செவப்பா ஒரு மினுக்கு, அவ்வளவுதான். அதே நேரத்துல மீட்டர் பாத்தா 3 வோல்ட்டு. லோடு இல்லாதப்ப 12.4, லோடு வச்சா 3. இந்த ஒரு விசயம் புரிஞ்சிட்டா எலக்ட்ரிக் பிரேக் ரிப்பேர்ல முக்கால்வாசி முடிஞ்சிரும்.

ஏன்னா மல்டிமீட்டர் கரண்ட்டே இழுக்காது. துரு பிடிச்ச ஸ்க்ரூ, ஒரே ஒரு நரம்புல தொங்குற ஒயர், பச்சை பூத்த பின், எது வழியா வேணாலும் மீட்டருக்கு 12 வோல்ட் போய் சேந்துரும். சக்கரத்துக்குள்ள பிரேக்க இயக்குற மேக்னெட், அதாவது மின்காந்தம், அப்படி இல்ல, ஒரு சக்கரத்துக்கு 3ல இருந்து 4 ஆம்பியர் கேக்கும், அத குடுக்க முடியாத ஒயரு அங்கயே படுத்துரும். இப்ப எல்லாரும் லைட்ட எல்இடியா மாத்திட்டதால இன்னும் மோசம், எல்இடி கொஞ்சூண்டு கரண்ட்டுலயே ஜம்முன்னு எரியும், லைட்டு எரியுதுல்ல எர்த்து நல்லாத்தான் இருக்குன்னு நாம நெனச்சுக்கிறோம்.

சரி, இந்த பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிர்றேன், அது தெரியாம கழட்டினா வீண் அலைச்சல்.

டிரம்முக்குள்ள வழக்கமான ரெண்டு ஷூதான் இருக்கும், ஆனா வீல் சிலிண்டர் கிடையாது, ஆயில் கிடையாது, காத்து கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு கை, அந்தக் கையோட முனையில பிஸ்கட் சைசுல ஒரு மின்காந்தம், அது டிரம்மோட உள்பக்க தட்டையான முகத்த லேசா உரசிக்கிட்டு நிக்கும். நீங்க பிரேக் மிதிச்சா கண்ட்ரோலர் அந்த காந்தத்துக்கு கரண்ட் அனுப்பும், காந்தம் டிரம் முகத்துல ஒட்டப் பாக்கும். ஒட்டினா என்னாகும், டிரம் சுத்திட்டு இருக்குல்ல, காந்தத்தையும் தன்னோட இழுத்துட்டு போகப் பாக்கும், அப்ப அந்தக் கை திரும்பும், கையோட மறு முனை முன்பக்க ஷூவ டிரம்முல தள்ளும், அந்த ஷூ பிடிச்ச வேகத்துல கீழ இருக்கிற அட்ஜஸ்டர் வழியா பின்பக்க ஷூவையும் அழுத்திரும். அதாவது நிறுத்துற பலம் காந்தத்தோடது இல்ல, சுத்துற சக்கரத்தோடதுதான். மாட்டோட மூக்கணாங்கயிறு மாதிரி வச்சுக்கோங்களேன், புடிக்கிறது ஒரு சுண்டு விரல் பலம், நிக்கிறது முழு மாடு. அமெரிக்காவுல வார்னர்னு ஒரு கம்பெனி 1927ல ஆரம்பிச்சது இதுக்குத்தான், நூறு வருசம் ஆகப்போகுது, உள்ள இருக்கிற அமைப்பு பெருசா மாறல.

இதுல இருந்து ரெண்டு விசயம் வருது. ஒண்ணு, வண்டி நின்னுட்டு இருக்கும்போது பிரேக்க அமுக்கிட்டு ரெண்டு பேரு டிரெய்லர தள்ளிப் பாத்து "நகருது, பிரேக் இல்ல"ன்னு சொல்றது தப்பு, சக்கரம் சுத்தினாத்தான் கை திரும்பும், கொஞ்சம் உருண்ட பிறகுதான் பிடிக்கும். அதே காரணத்தால இத ஹேண்ட் பிரேக்குன்னு நம்பி மேட்டுல நிறுத்தவும் கூடாது, கட்டை போட்டே ஆகணும். ரெண்டாவது, ஷூவும் காந்தமும் மாட்டியிருக்கிற இடது பக்க பின் பிளேட்ட வலதுலயும் வலத இடதுலயும் மாத்தி மாட்டிட்டா கை தப்பான பக்கம் பாக்கும், முன்னாடி போகும்போது பிடி குறைஞ்சிரும், ரிவர்ஸ்ல நல்லா பிடிக்கும். லைனிங் மாத்த கழட்டுனவங்க இப்படி மாத்தி மாட்டினத நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். மாட்டும்போது காந்தம் இருக்கிற கை முன்பக்கம் பாத்து இருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்க.

கண்ட்ரோலர் டிரைவர் முட்டிக்கு மேல இருக்கிற டப்பா. ரெண்டு ஜாதி. ஒண்ணு டைம் வச்சு வேலை செய்யறது, நீங்க மெதுவா மிதிச்சாலும் அழுத்தி மிதிச்சாலும் பிரேக் லைட் எரிஞ்ச உடனே நீங்க செட் பண்ண அளவுக்கு படிப்படியா ஏத்திரும். இன்னொண்ணு வண்டி எவ்வளவு வேகமா குறையுதுன்னு உள்ள இருக்கிற சென்சார் உணர்ந்து அதுக்கு ஏத்த மாதிரி அனுப்புறது, இதத்தான் புரபோர்ஷனல்னு சொல்லுவாங்க. மலை ரோட்டுக்கு ரெண்டாவதுதான் என் ஓட்டு, விலை கூடத்தான், இருந்தாலும் கொண்டை ஊசில லேசா கால் வச்சதுக்கே பின்னாடி டிரெய்லர் வெடுக்குன்னு பிடிச்சா டிரைவருக்கு கழுத்து வலிதான் மிச்சம். டப்பாவுல நாலு ஒயர் வரும், கருப்பு பேட்டரி பிளஸ், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட் சுவிட்ச், நீலம் டிரெய்லருக்கு போற பிரேக். அமெரிக்க ஏழு பின் பிளக்குலயும் ஆஸ்திரேலியா பிளக்குலயும் நீலம் பிரேக், வெள்ளை எர்த். ஆனா நம்ம ஊருல ஒருத்தர் கை வச்ச டிரெய்லர்ல கலர நம்பாதீங்க, கையில என்ன ஒயர் கெடைச்சுதோ அதப் போட்டிருப்பாங்க, மீட்டர் வச்சு பாத்துதான் முடிவு பண்ணனும்.

இன்னொரு முக்கியமான விசயம், இது 12 வோல்ட் சமாச்சாரம். பிக்கப், ஜீப்புக்கு சரி. 24 வோல்ட் லாரி பின்னாடி நேரா மாட்டினா காந்தம் ரெண்டு மடங்கு கரண்ட் இழுத்து சூடாகி காயில் கருகிரும்.

இப்ப ஒயர் தடிமன். வீட்டுக்கு ஒயரிங் பண்ற 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர இழுத்து விட்டிருப்பாங்க, சொன்னா "லைட்டு நல்லா எரியுதே"ம்பாங்க. கணக்கு போட்டு காட்டுறேன். நாலு சக்கர டிரெய்லர், ஒரு காந்தம் சுமார் 3.2 ஓம், நாலும் பேரலல்ல சேந்தா 0.8 ஓம். போக 8 மீட்டர் வர 8 மீட்டர்னு 16 மீட்டர் 1 ஸ்கொயர் செம்பு ஒயரே 0.29 ஓம் வந்துரும். 12.6 வோல்ட்ல 3 வோல்ட்டுக்கு மேல வழியிலயே காலி, காந்தத்துக்கு 9 சொச்சம்தான். அதுவே 4 ஸ்கொயர் போட்டா 1 வோல்ட்தான் போகும், 11.5 போய் சேரும். பிரேக் லைனும் எர்த்தும் ரெண்டுமே தடியா இருக்கணும், நீலத்த மட்டும் தடியா போட்டுட்டு எர்த்த நூல் மாதிரி விட்டா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. எர்த்துக்கு, டிரெய்லர வண்டியில மாட்டுற பால் கப்ளிங்க நம்புறவங்களும் இருக்காங்க, அது கிரீஸ் பூசின குண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் விட்டு விட்டு தொடும், அது எர்த் இல்ல, தனி ஒயர் பிளக் வழியா வரணும்.

சேட்டா டிரெய்லர்லயும் கோளாறு எர்த்துலதான். வெள்ளை ஒயர் சேஸிஸ்ல ஸ்க்ரூ போட்ட இடத்துல கீழ பெயிண்ட் அப்படியே இருக்கு, இடவம் தொடங்கி இடுக்கி மழைய முழுசா குடிச்ச ஸ்க்ரூ, கழட்டும்போதே தலை உடைஞ்சு கையோட வந்துருச்சு. பெயிண்ட சுரண்டி, வெள்ளையா இரும்பு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, புது லக் அடிச்சு, பல் வாஷர் வச்சு போல்ட் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவினேன். பல்பு திரும்ப மாட்டினதும் கண்ணு கூசுற வெளிச்சம்.

ஆனா பல்பு எரிஞ்சா ஒயர் நல்லாருக்குன்னுதான் அர்த்தம், காந்தம் நல்லாருக்கான்னு தெரியாது. அதுக்கு ஆம்பியர் பாக்கணும். டிசி அளக்குற கிளாம்ப் மீட்டர் இருந்தா வேலை லேசு, வாங்கும்போது டிசி இருக்கான்னு பாத்து வாங்குங்க, ஏசி மட்டும் அளக்குறது இதுக்கு உதவாது. நீல ஒயர்ல கிளாம்ப மாட்டி, டிரெய்லர் பேட்டரில இருந்து நேரா 12 வோல்ட் குடுத்து பாக்கணும், கண்ட்ரோலர் வழியா பாத்தா அது விட்டு விட்டு அனுப்புறதால மீட்டர் குழம்பும். 10 இன்ச், 12 இன்ச் டிரம்முன்னா ஒரு காந்தத்துக்கு 3ல இருந்து 4, ரெண்டு சக்கரம்னா 6ல இருந்து 8, நாலுன்னா 12க்கு மேல. சின்ன 7 இன்ச் டிரம்முக்கு ஒண்ணுக்கு 2.5 பக்கம். இப்ப நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. ரெண்டு சக்கர டிரெய்லர்ல 3 சொச்சம் காட்டினா ஒரு காந்தம் செத்துப்போச்சு இல்ல அதுக்கு போற ஒயர் அந்துபோச்சு. பூஜ்யம்னா எல்லாத்துக்கும் பொதுவான எடத்துல, அதாவது பிளக், எர்த், ஃப்யூஸ், அங்க தேடுங்க. ரெண்டு பக்கமும் கரண்ட் இருக்கு ஆனா 4 தான் வருதுன்னா வழியில எங்கயோ துரு. அதே ரெண்டு சக்கரத்துல பத்துக்கு மேல எகிறினா ஷார்ட்.

ஷார்ட்டுன்னா நான் மொதல்ல பாக்குற எடம் ஆக்சில் குழாய். நிறைய டிரெய்லர்ல ஒரு பக்க பிரேக்ல இருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒயர ஆக்சிலுக்குள்ளயே விட்டிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா ரோட்டு குலுக்கல்ல உள்ளுக்குள்ள உரசி உரசி தோல் போயிரும், நிக்கும்போது நல்லாருக்கும், ஓடும்போது மட்டும் கண்ட்ரோலர் ஷார்ட்டுன்னு கத்தும், ஒரு மனுசன பைத்தியமாக்குற கம்ப்ளைண்ட் இது. நான் உள்ள இருக்கிறத அப்படியே வெட்டி விட்டுட்டு வெளிய ஆக்சில் மேலயே ஸ்லீவ் போட்டு டை கட்டி புது ஒயர் இழுத்துருவேன்.

காந்தத்த தனியா சோதிக்க, கழட்டி அதோட அடிப்பாகத்த பேட்டரி மைனஸ் முனையில வச்சு, அதோட ஒரு ஒயர மீட்டர் வழியா பிளஸ்ல தொட்டுப் பாருங்க, ஆம்பியர் கொஞ்சம் காட்டினாலும் உள்ள ஷார்ட், தூக்கிப் போடுங்க. ரெண்டு ஒயரும் ஒரே கலரா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், எத பிளஸ்ல குடுத்தாலும் ஒண்ணுதான். கிளாம்ப் மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு குறுக்கு வழி, போன்ல காம்பஸ் ஆப் இருக்குல்ல, அத டிரம்முக்கு பின்பக்கம் பிளேட் கிட்ட வச்சுக்கிட்டு ஒருத்தர லீவர தள்ளச் சொல்லுங்க, காந்தம் வேலை செஞ்சா முள்ளு சட்டுன்னு திரும்பும். எவ்வளவு பலம்னு சொல்லாது, உயிர் இருக்கா இல்லையான்னு சொல்லும்.

கரண்ட் எல்லாம் சரி, ஆனாலும் பிடி பத்தலன்னா டிரம்ம கழட்டித்தான் ஆகணும். காந்தத்தோட முகம் தட்டையா தேஞ்சிருக்கணும், ஒரு பக்கமா சாஞ்சு தேஞ்சிருந்தா கையோட புஷ் லூசு. உள்ள செம்பு காயில் தெரிய ஆரம்பிச்சிட்டா முடிஞ்சது கதை. டிரம்மோட உள்முகத்துல கிராமபோன் தட்டு மாதிரி கோடு விழுந்திருந்தா லேத்துல குடுத்து லேசா எடுக்கணும், இல்லன்னா புது காந்தத்தையும் அது தின்னுரும். அப்புறம் கிரீஸ். பேரிங்குக்கு நிப்பிள் வழியா கிரீஸ் அடிக்கிற வசதி இருந்தா சிலரு கன்ன வச்சு ஆசை தீர அமுக்குவாங்க, அது பின்பக்க சீல தள்ளிட்டு நேரா லைனிங் மேல வந்து உக்காந்துக்கும். கிரீஸ் குடிச்ச லைனிங்க பெட்ரோல்ல கழுவி, நெருப்புல காட்டி திரும்ப மாட்டுற வழக்கம் நம்மகிட்ட இருக்கு, செய்யாதீங்க, சூடானதும் உள்ள இருக்கிறது திரும்ப கசியும். மாத்தினா ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, இல்லன்னா ஒரு பக்கமா இழுக்கும்.

மழையில மாசக்கணக்கா நிறுத்தின டிரெய்லர மொதல் தடவ எடுக்கும்போது வெடுக்கு வெடுக்குன்னு பிடிக்கும், டிரம் முகத்துல துரு, நாலஞ்சு தடவ மெதுவா பிடிச்சு விட்டா சரியாயிரும், அதுக்காக எதையும் கழட்ட வேண்டாம்.

அட்ஜஸ்ட்மெண்ட் சிம்பிள். ஜாக்கி போட்டு சக்கரத்த தூக்கி, ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுத்து, பின் பிளேட்டுல கீழ இருக்கிற ரப்பர் மூடிய எடுத்துட்டு ஸ்க்ரூ டிரைவர விட்டு பல் சக்கரத்த திருப்புங்க. கையால சுத்த முடியாத அளவுக்கு இறுகினதும் திரும்ப விட்டு விட்டு, சக்கரம் தாராளமா சுத்தணும், ஆனா லைனிங் லேசா உரசுற சத்தம் காதுல கேக்கணும், அங்க நிறுத்துங்க. புது லைனிங்னா மொத 300 கிலோமீட்டர்ல ஒரு தடவ, அப்புறம் 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ. ஷூ தேஞ்சு இடைவெளி அதிகமாயிட்டா கை முழுசா திரும்பினாலும் ஷூ போய் எட்டாது, கண்ட்ரோலர்ல எவ்வளவு ஏத்தினாலும் வீண்தான்.

கண்ட்ரோலர் அளவு செட் பண்ண, சரக்கு ஏத்தின டிரெய்லரோட, காஞ்ச சமதள ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போயி கை லீவர மட்டும் முழுசா தள்ளுங்க. டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கிட்டு தேச்சா குறைங்க, சும்மா வந்தா ஏத்துங்க, பூட்டுறதுக்கு ஒரு புள்ளி கீழ விடுங்க. காலி டிரெய்லருக்கு, மழை ரோட்டுக்கு இன்னும் குறைக்கணும்.

பிரேக் அவே சுவிட்ச்ச நிறைய பேரு கண்டுக்கிறதே இல்ல. டிரெய்லர் நாக்குல, அதாவது வண்டியில மாட்டுற முன் நீட்டத்துல, ஒரு சின்ன டப்பா, அதுல ஒரு பின்னு, பின்னுல இருந்து ஒரு மெல்லிய கேபிள் வண்டிக்கு. கப்ளிங் கழண்டு டிரெய்லர் தனியா போனா கேபிள் பின்ன பிடுங்கிரும், டிரெய்லர் பேட்டரி நேரா காந்தத்துக்கு முழு கரண்ட் குடுத்து நிறுத்தும். அமெரிக்க சட்டப்படி அப்படி பிடிச்சது 15 நிமிசமாவது நிக்கணும். கேபிள செயின்லயோ பால்லயோ மாட்டாதீங்க, வண்டி பாடில தனி எடத்துல மாட்டுங்க, பால் கழண்டு போற நேரத்துக்குத்தானே அது. சோதிக்கும்போது மொதல்ல பிளக்க கழட்டிட்டு பின்ன இழுங்க, இல்லன்னா திரும்பி வர்ற கரண்ட் கண்ட்ரோலர சாகடிச்சாலும் சாகடிக்கும். பாத்த உடனே பின்ன திரும்ப சொருகிருங்க, மறந்தா பேட்டரியும் போகும் காந்தமும் வேகும்.

இனி மலை. எல்லாம் சரியா இருந்தாலும் கீழ இறங்கும்போது பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா காந்த காயில் சூடாகும், செம்போட சூடு 100 டிகிரி கூடினா ரெசிஸ்டன்ஸ் 40 சதவீதம் கூடும், கரண்ட் முக்காலுக்கும் கீழ போயிரும், அதோட டிரம்மும் சூட்டுல விரிஞ்சு ஷூவ விட்டு விலகும். ரெண்டும் சேந்து ஒரே நேரத்துல உங்கள கைவிடும். போடி மெட்டுல பதினேழு கொண்டை ஊசி, குமுளி இறக்கமும் லேசு இல்ல, ரெண்டாவது கியர்ல இஞ்சின வச்சு பிடிச்சு, வளைவுக்கு முன்னாடி மட்டும் அழுத்தி மிதிச்சு முழுசா விட்டுரணும்.

சேட்டாவ அப்படித்தான் இறக்கினேன், அவரு வண்டி முன்னாடி, நான் பைக்ல பின்னாடி. லோயர் கேம்ப்ல மின் நிலையத்துக்கு இறங்குற ராட்சச பைப்பு தெரியற எடத்துல ஓரங்கட்டச் சொல்லி ரெண்டு டிரம்முக்கு பக்கத்துலயும் கைய கொண்டு போனேன், தொடல, தொட்டா தோல் ஒட்டிக்கும். இடது அனல் அடிக்குது, வலது வெதுவெதுன்னுதான் இருக்கு. கரண்ட் ரெண்டுக்கும் சமமாத்தான் போகுது, மேலயே ஆம்பியர் பாத்தாச்சு, அப்ப இது மெக்கானிக்கல். ஆற விட்டு, வலது சக்கரத்த தூக்கி மூடிய எடுத்தா ஷூ ரொம்ப தள்ளி நிக்குது, யாரோ லைனிங் மாத்தினவங்க இடது மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிட்டு விட்டிருக்காங்க. பதினோரு பல்லு தள்ளினதும் உரசல் சத்தம் கேட்டுச்சு. கூடலூர் தாண்டி கம்பம் வந்து திரும்ப கைய வச்சு பாத்தோம், ரெண்டு பக்கமும் ஒரே சூடு.